இ-பாஸ், புலி, யானைப் பாதை: கருத்து மோதும்போது நிதானம் என்றால் என்ன?

நீலகிரியில் நாலு பேர் கூடும் இடத்தில் இ-பாஸ் பற்றி, அதாவது மலைக்கு வரும் வண்டிகள் இணையத்தில் வாங்க வேண்டிய அனுமதி பற்றி, பேச்சை எடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் இரண்டு அணி உருவாகிவிடும். ஒரு அணியைப் பொறுத்தவரை, இ-பாஸ் வேண்டும் என்பவர் வியாபாரிகளின் வயிற்றில் அடிப்பவர். இன்னோர் அணிக்கோ, வேண்டாம் என்பவர் மலையை விற்றுக் காசாக்குபவர். விஷயத்தைப் பார்த்தால் அவ்வளவு பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் கோடை சீசனுக்கு எண்ணிக்கையும் நிர்ணயமானது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. அதை எதிர்த்து ஏப்ரல் 2ஆம் தேதி நீலகிரி வியாபாரிகள் கடையடைத்தார்கள்.

எத்தனை வண்டி, எந்த மாதம், யாருக்கு விலக்கு என்று உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு இது. அது எப்படி ‘நீ நல்லவனா, கெட்டவனா’ என்ற கேள்வியாக மாறுகிறது? அந்த மாற்றத்தைக் கவனிப்பதும், அதற்கு இடம் கொடுக்காமல் பேசப் பழகுவதும்தான் அரசியல் நிதானம். இது பற்றி இதுவரை படித்திராதவர்களுக்காக அடிப்படையிலிருந்து எழுதுகிறேன். மலையில் வாழ்பவன் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிருந்தே வரும்.

முதலில், துருவமயமாதல்

ஒரு சமூகம் எதிரெதிர் முகாம்களாகப் பிரிந்து நிற்பதைத் துருவமயமாதல் என்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. கொள்கையில் விலகி நிற்பது முதல் வகை. நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், நான் நேர்மாறாகச் சொல்கிறேன். ஜனநாயகத்தில் இது இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். இரண்டாவது வகை உணர்ச்சியில் விலகுவது. கொள்கை என்னவென்று கேட்பதற்கு முன்பே ‘அவன் அந்தக் கட்சி’ என்றதும் முகம் சுளிப்பது. ஒரு சமூகத்தை அரிப்பது இந்த இரண்டாவது வகைதான்.

அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால் வருத்தப்படுவீர்களா என்று 1960இல் கேட்டபோது, ஆமாம் என்றவர்கள் சுமார் 5 சதவீதம். 2010இல் அதே மாதிரிக் கேள்விக்குக் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறையப் பாதிப் பேரும், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினரும் ஆமாம் என்றார்கள். ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் சாந்தோ ஐயங்காரும் சக ஆய்வாளர்களும் 2012இல் இதை வெளியிட்டார்கள். கொள்கை இடைவெளியைவிட வெறுப்பு வேகமாக வளர்ந்திருக்கிறது என்பது அவர்கள் கண்டது. நம் ஊரில் சம்பந்தம் பேசும்போது சாதி குறுக்கே நிற்பது நமக்குப் பழகிப்போன கொடுமை. அங்கே கட்சியும் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் தீவிரம் புரியும்.

வெறுப்பு வளர ஒரு காரணம், எதிரணியைப் பற்றி நாம் தப்பாகக் கணக்குப் போடுவது. 2019இல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வில், எதிர்க்கட்சிக்காரர்களில் பாதிக்கு மேல் தீவிரக் கருத்துள்ளவர்கள் என்று இரு தரப்பும் நினைத்தன. உண்மையில் அது 30 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. அதிகம் சத்தம் போடும் பத்துப் பேரைப் பார்த்துவிட்டு ஊரே அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இன்னொரு காரணம் நம் சொந்தக் கூட்டம். 2005இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. இடதுசாரிச் சாய்வுள்ள போல்டர் ஊர்க்காரர்களையும், வலதுசாரிச் சாய்வுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊர்க்காரர்களையும், ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகத் தனித்தனியே உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். எதிரணியில் ஒருவர்கூட இல்லை. பேசி முடித்தபோது இரண்டு ஊர்க்காரர்களும் முன்பிருந்ததைவிடத் தீவிரமாகியிருந்தார்கள். பேசுவதற்கு முன் குழுவுக்குள் இருந்த சின்னச் சின்ன வேறுபாடுகளும் சுருங்கிவிட்டன. நம் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் நடப்பது இதுதான். சிறுத்தை வந்த வீடியோ ஒன்று எஸ்டேட் குழுவுக்கு வந்தால் வனத்துறை மீது கோபம் ஏறும். அதே வீடியோ விலங்கு ஆர்வலர் குழுவுக்குப் போனால், காட்டோரம் வீடு கட்டியவர்கள் மீது கோபம் ஏறும். இரண்டு குழுவிலும் இருப்பவர் அநேகமாக யாரும் இல்லை.

பிளவுகள் குறுக்கே வெட்டும் ஊர்

எல்லாப் பிளவும் ஒரே கோட்டில் வந்து விழும்போதுதான் சமூகம் உடைகிறது. சாதி, மொழி, தொழில், கட்சி, குடியிருக்கும் தெரு எல்லாமே ஒரே பக்கமாகப் பிரிந்தால், எதிரே நிற்பவரோடு நமக்குப் பொதுவாக எதுவும் மிஞ்சாது. கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால் நிலைமை வேறு. இன்று எதிரே நிற்பவர் நாளை வேறொரு விஷயத்தில் நம் பக்கம் நிற்பார்.

குன்னூர்ப் பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டுப் போராட்டத்தில் உட்காருபவர். மகன் சுற்றுலா டாக்ஸி ஓட்டுகிறான், அதனால் இ-பாஸ் மீது வீட்டில் கோபம். ஆனால் மே மாதத்தில் பர்லியார் மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நின்றபோது உள்ளே இருந்தது அவருடைய அம்மா. காட்டெருமை தோட்டத்துக்குள் வருவதால் வனத்துறை மீது வருத்தம், சோலைக்காடு போனால் ஓடையில் தண்ணீர் நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியும். இவரை எந்த அணியில் சேர்ப்பீர்கள்? இது நான் கற்பனையாகச் சொல்லும் ஆள்தான். ஆனால் இப்படிப்பட்டவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

கூடலூர் இதற்கு இன்னும் பெரிய உதாரணம். பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் என்று பழங்குடி மக்கள், செட்டி சமூகத்தார், கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் என எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். மொழியை வைத்தோ, முதலில் வந்தது யார் என்பதை வைத்தோ இவர்களைப் பிரிப்பது சுலபம். ஆனால் ஜமீன் போன்ற பழைய ஜன்மம் நில உரிமையை ஒழித்த 1969 சட்டத்தின் பிரிவு 17இல் வரும் நிலங்களின் பிரச்சினை, பட்டா, பட்டா இல்லாத வீட்டுக்கு மின் இணைப்பு என்று வரும்போது வேறு வேறு மொழிக்காரர்கள் ஒரே கோரிக்கையோடு நிற்கிறார்கள். யானை ஒருவரை அடித்துவிட்டால் சாலையில் உட்காருவதும் எல்லோரும் சேர்ந்துதான். இந்தக் குறுக்குக் கோடுகளை அழித்து எல்லாவற்றையும் ஒரே கோடாக்க முயல்பவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் எனக்கு அவர் மீது நம்பிக்கை வராது.

நடுவில் நிற்பதுதான் நிதானமா?

இல்லை. இந்த விஷயத்தில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். ஒருவர் நூறு கேட்கிறார், மற்றவர் பூஜ்யம் என்கிறார், ஐம்பதில் முடித்துக்கொள்வோம் என்பது சில நேரம் நல்ல பேரம், சில நேரம் வெறும் சோம்பேறித்தனம்.

2021இல் டி23 என்று வனத்துறை எண்ணிட்ட புலியின் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேவன் எஸ்டேட்டிலும் மசினகுடியிலும் ஆட்களையும் மாடுகளையும் கொன்றதாக அந்தப் புலி மீது புகார். நான்கு பேர் இறந்திருந்தார்கள். ‘சுடு’ என்று ஒரு தரப்பு, ‘சுடாதே’ என்று இன்னொரு தரப்பு. இதற்கு நடுப்புள்ளி எது? பாதி சுடுவதா? உடனே கொன்றுவிட வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15 அன்று மசினகுடி அருகே மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள்.

‘சுடு’ என்றவர்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது என்ன? காலையில் பயமில்லாமல் இலை பறிக்கப் போக வேண்டும், மாட்டை மேய்ச்சலுக்கு விட வேண்டும். ‘சுடாதே’ என்றவர்களுக்கு வேண்டியிருந்தது, சந்தேகத்தின் பேரில் ஒரு புலி உயிர் போகக் கூடாது. கோஷங்கள் இரண்டும் நேர் எதிர். அவற்றுக்குப் பின்னால் இருந்த தேவைகள் அப்படி இல்லை, இரண்டையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வழி இருந்தது. கோஷத்தைத் தாண்டி அதன் பின்னால் உள்ள தேவையைத் தேடுவது நிதானத்தின் முதல் வேலை. சரி, எல்லாச் சண்டையிலும் இப்படி ஒரு மூன்றாவது வழி கிடைத்துவிடுமா? கிடைக்காது. தேடாமல் விட்டால் நிச்சயமாகக் கிடைக்காது.

நிதானமாக இருப்பவருக்கு உறுதியான கருத்து இருக்கக் கூடாது என்பதும் தவறான எண்ணம். ராஜாஜியும் பெரியாரும் இதற்குத் தமிழ்நாட்டின் மிகப் பெரிய சான்று. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லிப் பெரியார் கடுமையாக எதிர்த்தார். விட்டுக்கொடுக்கவே இல்லை. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். கடவுள், மதம், சாதி, மொழி என்று பெரும்பாலான விஷயங்களில் இருவரும் இரு துருவம். ஆனால் 1949இல், தன் வாழ்வின் பெரிய முடிவு ஒன்றை எடுக்கும் நேரத்தில், பெரியார் திருவண்ணாமலையில் தனியே சந்தித்துப் பேசியது ராஜாஜியைத்தான். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி இறந்தபோது, தொண்ணூறு வயதைத் தாண்டி உடல் தளர்ந்திருந்த பெரியார் இறுதிச் சடங்குக்கு வந்து கண்ணீர் விட்டார். நட்புக்காகக் கொள்கையைத் தளர்த்தவில்லை, கொள்கைக்காக நட்பையும் முறிக்கவில்லை. இதைவிடத் தெளிவாக யாராலும் இந்தக் கருத்தை விளக்க முடியாது என்று நினைக்கிறேன்.

சமரசம் பற்றியும் ஒரு வார்த்தை. அரசியல் நிர்ணய சபையில் மொழிப் பிரச்சினைதான் மிகச் சூடான விவாதங்களில் ஒன்று. 1949 செப்டம்பரில் முன்ஷி-ஐயங்கார் ஏற்பாடு என்ற சமரசம் வந்தது. முன்ஷி என்பது கே.எம். முன்ஷி, ஐயங்கார் என்பது கோபாலசாமி ஐயங்கார், இருவரும் சபை உறுப்பினர்கள். தேசிய மொழி என்று எதையும் சொல்லாமல் இந்தியை ஆட்சி மொழி என்று மட்டும் சொன்னார்கள். 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் தொடரும் என்று வைத்தார்கள். அது யாருக்கும் முழுத் திருப்தி தரவில்லை. 1965இல் அந்தக் கெடு முடிந்தபோது தமிழ்நாடு கொந்தளித்ததும், 1967இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு ஆங்கிலத்துக்கு உத்தரவாதம் வந்ததும் நாம் அறிந்தவை. அந்தச் சமரசம் பிரச்சினையைத் தீர்க்கவில்லை, உண்மைதான். ஆனால் எல்லோரும் ஒரே அரசமைப்புக்குள் இருந்துகொண்டே தொடர்ந்து சண்டை போட அது கால அவகாசம் கொடுத்தது. சமரசத்திடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது அதிகம்.

பாதிக்கப்பட்டவரிடம் போய் மெதுவாகப் பேசு என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. நாகரிகமாகப் பேசு என்ற அறிவுரை பல நேரம் பலம் உள்ளவர் பலம் இல்லாதவரின் வாயை மூடப் பயன்படுகிறது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை இதற்கு மறக்கக் கூடாத உதாரணம். 2001இல் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டது. ஊர் மக்கள் திரண்டு போராட, இந்துஸ்தான் லீவர் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு மூலம் நிவாரணம் வந்தது 2016இல். நடுவில் 15 ஆண்டுகள். அவர்கள் குரல் உயர்த்தியிருக்காவிட்டால் அதுவும் வந்திருக்காது. ஊர்வலம், முற்றுகை, முழக்கம் எல்லாம் நாகரிகமான அரசியலுக்குள் அடங்குபவைதான்.

மண்ணில் பாதரசம் இருக்கிறதா இல்லையா என்பது கருத்து வேறுபாடும் அல்ல. சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை அது. உண்மைக்கும் பொய்க்கும் சம நேரம் ஒதுக்குவதை நடுநிலை என்று சிலர் நினைக்கிறார்கள், அது நிதானம் இல்லை. அதுபோல, ஒருவரை மனிதராகவே மதிக்காத பேச்சை ‘அதுவும் ஒரு கருத்து’ என்று ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை. எங்கே கோடு போடுவது என்று கேட்டால், நான் போடுவது இங்கே: செயலையும் முடிவையும் எவ்வளவு காட்டமாகவும் விமர்சிக்கலாம். பிறப்பையும், உடலையும், குடும்பத்தையும் தொடக் கூடாது. இந்த விதிக்கு மைக் வைத்திருப்பவரும் பதவியில் இருப்பவரும்தான் முதலில் கட்டுப்பட வேண்டும்.

சரி, எப்படிப் பேசுவது?

அனடோல் ரப்போபோர்ட் என்ற கணித அறிஞர் ஒரு வழி சொன்னார். எதிராளியின் கருத்தை, அவரே ‘ஆமாம், நான் சொல்வது அதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் நீங்கள் சொல்லிக் காட்ட வேண்டும். மறுப்பு அதற்கு அப்புறம்தான். கேட்கச் சின்ன விஷயம், செய்து பார்த்தால் சிரமம். கேத்தியில் கேரட் போடும் ஒருவரும் ஊட்டியில் சிறிய லாட்ஜ் நடத்தும் ஒருவரும் பேசுவதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான பேச்சு, “உங்களுக்கு ஊர் நாசமானா என்ன, ரூம் நிறைஞ்சா போதும்” என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். மாறாக இப்படித் தொடங்கினால்:

“அண்ணே, சீசன்ல வர்ற காசை வெச்சுத்தான் வருஷம் பூரா ஆளுங்களுக்குச் சம்பளம் குடுக்கறீங்க. பாஸ்னு சொன்னதும் கூட்டம் வேற ஊருக்குப் போயிடும்னு பயப்படறீங்க. நான் புரிஞ்சுகிட்டது சரியா?”

“பாதி சரி தம்பி. எனக்குப் பெரிய தலைவலி, ரூம் புக் பண்ணினவங்களுக்குக் கடைசியில பாஸ் கிடைக்கலைன்னா அட்வான்ஸைத் திருப்பிக் குடுக்கணும். அதுதான் தாங்க முடியல.”

“எனக்கு என்னன்னா, என் லோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்துக்குப் போகலைன்னா அன்னைய விலை போச்சு. ரோடு அடைச்சுக்குது.”

இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் மலையை விற்பவன், வயிற்றில் அடிப்பவன் என்ற பட்டங்கள் போய், முன்பதிவையும் பாஸையும் இணைக்க முடியுமா, காய்கறி வண்டி போகும் நேரத்தில் சுற்றுலா வண்டிகளை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். இவை பதில் தேடக்கூடிய கேள்விகள்.

கேட்பதால் மனம் மாறுமா என்ற சந்தேகம் நியாயமானது. அமெரிக்காவின் மயாமியில் புரூக்மன், கல்லா என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். திருநர்கள் மீதுள்ள வெறுப்பு பற்றி வீடு வீடாகப் போய்ச் சுமார் பத்து நிமிடம் பேசினார்கள். வாதாடவில்லை. உங்களை யாராவது வேற்றாளாக நடத்திய அனுபவம் உண்டா என்பது போலக் கேட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டார்கள். வெறுப்பு குறைந்தது. மூன்று மாதம் கழித்தும் அந்த மாற்றம் தங்கியிருந்தது. எல்லோருக்கும் மாறியது என்று பொருள் இல்லை, ஆனால் பத்து நிமிடப் பேச்சுக்கு இது பெரிய விளைவு.

நான் சேர்த்துக்கொள்வது ஒன்று உண்டு. எதிராளி தன் கருத்தை மாற்றிக்கொள்ள வழி விட வேண்டும். பத்துப் பேர் முன்னால் மடக்கிவிட்டால் அவர் மாறவே மாட்டார், மானப் பிரச்சினை ஆகிவிடும். முக்கியமான பேச்சைக் கூட்டம் கலைந்த பிறகு தனியே பேசுங்கள். ஆறு மாதம் கழித்து அவர் வேறு மாதிரிப் பேசினால், அன்றைக்கு என்ன சொன்னாய் என்று பழைய வீடியோவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

தனிமனிதர்களின் நல்ல குணத்தை மட்டும் நம்பி இது ஓடாது. தோற்றவர் குரலுக்கும் இடம் தரும் ஏற்பாடுகள் தேவை. நீலகிரியின் சீகூர் பகுதி யானை வழித்தட வழக்கில், அந்த நிலத்தை யானைப் பாதை என்று சொன்ன அரசின் 2010 அறிவிப்பை உயர் நீதிமன்றம் 2011இலும் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரிலும் உறுதி செய்தன. யானைக்குப் பாதை உண்டு என்பது முடிவாகிவிட்டது. அதே தீர்ப்பில், பாதிக்கப்படுவதாகச் சொல்லும் நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைத் தனித்தனியாகக் கேட்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவும் அமைத்தார்கள். தோற்ற தரப்பு, தான் சொன்னதை யாரோ உட்கார்ந்து கேட்டார்கள் என்று உணர்ந்தால்தான் தோல்வியை ஏற்கும். குழு வேலை முடிய ஆண்டுக்கணக்கில் ஆவது வேறு பிரச்சினை. ஆனாலும் ஏற்பாடு சரியானது.

ஊர் அளவில் நம் கையில் இருப்பது கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்துக் கூட்டங்களில் எதிரணியைப் பார்க்காமலே திட்டலாம். கிராம சபையில் அவர் பக்கத்து நாற்காலியில் இருப்பார், மழை வந்தால் இருவரும் ஒரே ஓட்டுக்குக் கீழே ஒதுங்க வேண்டும். அங்கே போகும்போது ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போங்கள். எதிர்க்கருத்து உள்ளவரை முதலில் பேச விடுங்கள். பழைய பகையையும் போன தேர்தலையும் யாராவது இழுத்தால், இன்றைய விஷயம் முடிந்த பிறகு அதைப் பேசலாம் என்று தலைவரிடம் சொல்லுங்கள். தீர்மானம் எழுதும்போது எத்தனை பேர் எதிர்த்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான ஊர்களில் இதை யாரும் கேட்பதில்லை. கேட்டு எழுதவைத்தால், அடுத்த கூட்டத்தில் அதே பிரச்சினை மறுபடி வரும்போது, எதிர்த்தவர் சொன்ன காரணத்திலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.